தூதரும் துணைத் தூதரும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக் குடும்பம் ஒன்று, வளைகுடாவிலிருந்து வந்த அரபி மரணச் சான்றிதழைப் படித்துச் சொல்லுமாறு நம்மிடம் தந்தது. உடலைத் தாயகம் அனுப்ப ஆட்சேபணை இல்லை என்னும் இந்தியத் துணைத் தூதரகச் சான்றும் அதனுடன் இருந்தது. "துணைத் தூதர் என்றால் தூதரின் உதவியாளரா?" என்று அக்குடும்பத்துப் பெரியவர் வினவினார்.

பெயர் தரும் மயக்கமே இது. அரபியர் தூதரை ஸஃபீர் என்பர். துணைத் தூதரைக் குன்ஸுல் என்பர். முன்னவர் அரசின் சார்பில் அரசிடம் பேசுபவர். பின்னவர் அயல் மண்ணில் தம் நாட்டு மக்களின் நலன் காப்பவர். இடைக்கால எகிப்திலும் ஏடனிலும் 'வகீலுத் துஜ்ஜார்' எனப்பட்ட வணிகர் பிரதிநிதிகள் இதையொத்த பணியை ஆற்றினர்.

இவ்விரு பணிகளையும் நம் கடற்கரையோடு தொடர்புடைய ஒரே குடும்பத்தில் காண்கிறோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் இப்ராஹீம், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். குதிரை ஒன்றின் விலை 220 தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை தரப்பட்டது. அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவும், காயல் முதலிய துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் விளங்கினார். இன்றைய பொருளில் அவர் துணைத் தூதர் அல்லர். எனினும் வணிகர் நலனும் மன்னர் நலனும் அவரிடமே சந்தித்தன. ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மதோ, கஸான் கானின் தூதராகச் சீனப் பேரரசர் தெமூரிடம் சென்றார். திரும்பும் வழியில் மஅபர் கரையருகே இறந்து, தகியுத்தீனின் அடக்கத்தலத்தை அடுத்தே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

தகியுத்தீனிடம் இணைந்திருந்தவற்றை இக்காலச் சட்டம் பிரித்து வைத்துள்ளது. தூதர்களுக்கு 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை. துணைத் தூதர்களுக்கு 1963ஆம் ஆண்டினது. துணைத் தூதரின் சட்டப் பாதுகாப்பு பெரிதும் அவர்தம் அலுவல் எல்லைக்குள் அடங்குவது. ஆயினும் அவ்வுடன்படிக்கையின் 36ஆம் பிரிவு, அயல்நாட்டில் கைதானவர் தம் நாட்டுத் துணைத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமையை உறுதி செய்கிறது. குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இக்கடமையை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

காயலில் பொறுப்பு வகித்தவர் பெருவணிகர் குடும்பத்தவர். இன்றோ அவ்வுரிமை கூலிக்குச் சென்றவருக்கும் உரியது. பிள்ளைகளை வழியனுப்பும் ஊரார் இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்று பெரியவரிடம் கூறினோம்.