பால்மரமும் சிறுநீர்க் குப்பியும்

பால்மரத்தின் கதையை நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். பெரட்டு, கங்காணி, லயம், மங்கு, ஒட்டுப்பால் என்ற சொற்கள் மலேசியத் தமிழ் எழுத்தில் தேயும் அளவுக்குப் புழங்கிவிட்டன. ஆனால் அந்தக் கதைகள் பெரும்பாலும் தோட்டத்து வாசலோடு நின்றுவிடும். 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், கப்பலேறிய ரப்பர் அந்தப் பக்கம் போய் என்ன ஆனது? அங்கே அதைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கு என்ன ஆனது? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் நாம் வந்து சேரும் இடம் சற்று விசித்திரமானது. சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோயைச் சிறுநீரைக் கொண்டே கண்டறியும் முறையின் வரலாறு அது.

சிறுநீரைப் பார்த்து நோய் சொல்வது நமக்குப் புதிதல்ல. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையில், காலையில் பிடித்த சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விடுவார்கள். அது பாம்பாக நெளிந்தால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். ஐரோப்பிய வைத்தியரும் நூற்றாண்டுக் கணக்கில் கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தார். இவை புற்றுநோய்ச் சோதனைகள் அல்ல. உடம்புக்குள் நடப்பது சிறுநீரில் எழுதப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் இரண்டுக்கும் பொது. அந்த எழுத்தைச் சரியாகப் படிக்கத்தான் வெகுகாலம் பிடித்தது.

புற்றுநோய் இந்தக் கதைக்குள் சாயப் பட்டறை வழியாக நுழைகிறது. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், மெஜந்தா சாயம் செய்யும் ஆலைத் தொழிலாளர்கள் மூவருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருந்ததை அறிவித்தார். ஒரே வேலை, ஒரே நோய். தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. 1938இல் வில்ஹெல்ம் ஹூப்பர், சாயத் தொழிலில் பயன்பட்ட பீட்டா நாஃப்தைலமைன் என்ற வேதிப்பொருளை நாய்களுக்குக் கொடுத்து அதே கட்டியை உண்டாக்கிக் காட்டினார். மூச்சிலும் தோலிலும் உள்ளே போகும் இந்தப் பொருளை உடம்பு மாற்றிச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளுகிறது. அது பையில் தேங்கும் நேரத்தில் உட்சுவரின் செல்களைக் கெடுக்கிறது. கட்டியாகத் தெரிய பெரும்பாலும் பதினைந்து, இருபது வருடம் ஆகும். அதற்குள் ஆள் வேலையை விட்டிருப்பார், ஆலையே கூட மூடியிருக்கும்.

இங்கேதான் நம்முடைய ரப்பர் வருகிறது. ரப்பர் நாள்பட்டு வெடிக்காமல் இருக்க அதில் ஒரு பாதுகாப்புப் பொருளைக் கலப்பார்கள். பிரிட்டனில் ஐ.சி.ஐ. நிறுவனம் விற்ற 'நோனாக்ஸ் எஸ்' அப்படிப்பட்ட ஒன்று. அதில் பீட்டா நாஃப்தைலமைன் அசுத்தமாகக் கலந்திருந்தது. 1949இல் அந்தச் சரக்கை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் பல ஆண்டுகளாக டயர் ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் அதைக் கையாண்டிருந்தார்கள். 1954இல் ராபர்ட் கேஸும் அவருடைய சக ஆய்வாளரும் இங்கிலாந்து, வேல்ஸ் ரப்பர் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மிகுந்திருப்பதைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். டன்லப் 1910 முதலே மலாயாவில் சொந்தத் தோட்டங்கள் வைத்திருந்த நிறுவனம். பால் வெட்டியவர் நம் ஆள், அதை டயராக்கியவர் ஆங்கிலேயத் தொழிலாளி. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மரத்தில் வடியும் பாலில் இந்த விஷம் கிடையாது, அது ஆலையில் சேர்ந்தது. அதனால் வெட்டுக்காரருக்கு இந்த ஆபத்து வரவில்லை. அவருக்கு வந்தவை வேறு ஆபத்துகள்.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். பெண்களின் கருப்பைவாய்ச் சோதனைக்குத் தன் பெயரைத் தந்த ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ், 1945இல் விக்டர் மார்ஷலுடன் சேர்ந்து இன்னொன்றைச் செய்தார். சிறுநீரின் அடியில் படியும் வண்டலைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் புற்றுச் செல்களைத் தேடினார். சிறுநீர்ப்பையின் உட்சுவரிலிருந்து செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். கட்டி இருந்தால் அதன் செல்களும் உதிரும். 1950களின் தொடக்கத்திலேயே பிரிட்டனில் சாயத் தொழிலாளர்களின் சிறுநீரை இப்படிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம். ஒரு குப்பி போதும்.

ஆனால் குப்பியை நீட்டச் சொல்ல ஒருவர் வேண்டுமே! நோனாக்ஸால் பாதிக்கப்பட்ட இரண்டு தொழிலாளர்கள் டன்லப் மீதும் ஐ.சி.ஐ. மீதும் வழக்குப் போட்டார்கள். 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு நிறுவனங்களும் பொறுப்பு என்பதை உறுதிசெய்தது. விற்றவர் மீதான குற்றம், ஆபத்தான சரக்கைச் சந்தையில் விட்டுவைத்தது. முதலாளி மீதான குற்றம் வேறு: ஆபத்து தெரிந்த பிறகும் ஆட்களிடம் சொல்லாமல், சோதனைக்கு அனுப்பாமல் தாமதித்தது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு குப்பியை வைத்துப் பார்க்கலாம். 1967இல் அமெரிக்கத் துணை அதிபர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரிக்குச் சிறுநீரில் இரத்தம் போனது. நாட்டின் மிகச் சிறந்த மருத்துவர்கள் பார்த்தார்கள். செல்களைக் கண்டு சிலர் சந்தேகப்பட்டார்கள், சிலர் இல்லை என்றார்கள். மறுவருடம் அவர் அதிபர் தேர்தலில் நின்று நிக்சனிடம் தோற்றார். 1976இல் சிறுநீர்ப்பையை அகற்றினார்கள், 1978இல் இறந்துபோனார். 1994இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிட்ரான்ஸ்கியின் குழு, பாதுகாத்து வைத்திருந்த அந்த 1967 மாதிரியை எடுத்து அதன் மரபணுவைப் பார்த்தது. பி53 என்ற மரபணுவில் ஒரு பிழை இருந்தது. 1976இல் அகற்றிய கட்டியிலும் அச்சு அசலாக அதே பிழை. அதாவது ஒன்பது வருடத்துக்கு முன்பே குப்பியில் பதில் இருந்தது. அதைப் படிக்கும் கருவி அப்போது உலகத்தில் இல்லை.

துணை அதிபரின் குப்பியைப் படிக்க யாராலும் முடியவில்லை. ரப்பர் தொழிலாளியின் குப்பியைப் படிக்க முடிந்தது, ஆனால் படிக்கவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வித்தியாசம்தான்.

அதற்குப் பிறகு கருவிகள் வேகமாக வந்தன. 3, 7, 17ஆம் குரோமோசோம்கள் மிகுந்திருக்கின்றனவா, 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு தொலைந்திருக்கிறதா என்று ஒளிரும் புள்ளிகளாகக் காட்டும் 'யூரோவிஷன்' சோதனைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நியூசிலாந்தின் டுனிடினில் ஒரு நிறுவனம், ஐந்து மரபணுக்களின் செயல்பாட்டைச் சிறுநீரில் அளக்கும் முறையை உருவாக்கியது. டெர்ட், எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 ஆகிய மரபணுக்களில் வரும் பிழைகளைத் தேடும் சோதனைகளும் வந்துவிட்டன. நுண்ணோக்கிக்குத் தப்பும் மெதுவாக வளரும் கட்டிகளை இவற்றில் சில கூடுதலாகப் பிடிக்கின்றன. ஆனால் கல், கிருமித்தொற்று போன்றவை சில சோதனைகளில் பொய் எச்சரிக்கை தரும். அதனால் குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பது இன்னும் ஒழியவில்லை.

சரி, கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் நமக்கு இதில் என்ன? தோட்டம் துண்டாடப்பட்டு நம் சனம் பட்டணத்துக்கு வந்து, ஆலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் லாரிக்கும் போனது. ரப்பர் பொருள் உற்பத்தித் தொழிலையும் பெயிண்டர் வேலையையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியான புற்றுக் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இன்று முதல் காரணம் சிகரெட். அதன் புகையிலும் அதே பீட்டா நாஃப்தைலமைன் உண்டு.

நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் வலியில்லாத இரத்தம். ஒரு நாள் சிவப்பாகப் போகும், மறுநாள் தெளிந்துவிடும். "உடம்பு சூடு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் பார்லித் தண்ணியோ இளநீரோ குடிப்போம். ரெண்டு நாளில் நின்றுவிட்டால் வைத்தியம் பலித்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் இந்தக் கட்டி விட்டு விட்டுத்தான் இரத்தம் கசியும், தானாகவே நிற்கும். பெண்களுக்கோ இது மாதவிடாயாகவும் கிருமித்தொற்றாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டு, நோயைக் கண்டுபிடிப்பதே தள்ளிப்போகிறது.

சாலாக் செலாத்தானிலிருந்து செராஸில் இருக்கும் துவாங்கு முஹ்ரிஸ் பல்கலைக்கழக மருத்துவமனை கூப்பிடு தூரம். விலை கூடிய மரபணுச் சோதனை முதல் படியல்ல. சாதாரணச் சிறுநீர்ச் சோதனையும் ஒரு மருத்துவரும் போதும். ஆனால் அந்த மருத்துவரிடம் நாமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது: இருபது வருடத்துக்கு முன்னால் என்ன வேலை பார்த்தோம் என்பது. அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். டயர் ஆலைத் தொழிலாளர்கள் நீதிமன்றம் வரை போய் நிரூபித்ததும் அதைத்தான். சிறுநீர் எத்தனை உண்மையைச் சுமந்துவந்தாலும், படிக்கச் சொல்லிக் கேட்க ஒரு ஆள் இல்லையென்றால் அது சாக்கடைக்குத்தான் போகும்.