மூளையைக் கேட்டு ஒரு போன் கால்

2002-ல டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்தவங்களுக்கு ஒரு வில்லன் ஞாபகம் இருக்கலாம். ஹார்வர்டுல படிச்சவன்னு பந்தா பண்ணிக்கிட்டே ரிங்குக்குள்ள வருவார். பேர் கிறிஸ் நொவின்ஸ்கி. அந்தப் படிப்பு கதையில்ல, நிஜம். அங்கே அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடியிருக்கார்.

2003 ஜூனில் ஒரு மேட்ச்ல தாடையில உதை விழுந்தது. தலை கிறுகிறுத்தது. யார்கிட்டயும் சொல்லாம சில வாரம் தொடர்ந்து ஆடினார். தலைவலி நிக்கவே இல்ல. டாக்டர் டாக்டரா அலைஞ்சு, கடைசியா ராபர்ட் கான்டு என்ற நிபுணரிடம் போனார். அவர்தான் புரிய வைத்தார்: மயங்கி விழுந்தால் மட்டும் கன்கஷன் இல்ல; அடிபட்டதும் கண்ணுல பூச்சி பறந்தாலே அது கன்கஷனா இருக்கலாம். அப்படிக் கணக்குப் போட்டா, அவருக்கு ஏற்கெனவே பல தடவை வந்திருக்கு!

ரெஸ்லிங் முடிஞ்சது. 2006-ல புத்தகம் எழுதினார். அதே வருஷம் நவம்பரில், முன்னாள் என்.எஃப்.எல். வீரர் ஆண்ட்ரே வாட்டர்ஸ் 44 வயதில் தற்கொலை செய்துகொண்டார். துக்கத்தில் இருந்த அந்தக் குடும்பத்துக்கு நொவின்ஸ்கி போன் பண்ணினார். கேட்டது என்ன தெரியுமா? வாட்டர்ஸின் மூளையை. குடும்பம் சம்மதிச்சது. பரிசோதித்தவர் பென்னட் ஓமலு. மைக் வெப்ஸ்டர் என்ற வீரரின் மூளையில் சி.டி.இ. என்ற சிதைவு நோயைக் கண்டு 2005-ல வெளியிட்டவர். வாட்டர்ஸுக்கும் அதே நோய்.

இத்தனைக்கும் இது புது விஷயமே இல்ல. குத்துச்சண்டை வீரர்கள் தள்ளாடுவதைப் பற்றி 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதிட்டார். ஆனா அது பாக்ஸர்களோட பிரச்சினைன்னு மத்த விளையாட்டுகள் ஒதுங்கிக்கிட்டன.

நொவின்ஸ்கியும் கான்டுவும் 2007-ல ஒரு அமைப்பு தொடங்க, அடுத்த வருஷம் பாஸ்டன் பல்கலைக்கழகத்தோட மூளை வங்கி உருவானது. 2017-ல வந்த ஆய்வில், என்.எஃப்.எல். ஆடிய 111 பேரின் மூளைகளில் 110-ல் சி.டி.இ. இருந்தது. இங்கே கொஞ்சம் நிதானம் வேணும். சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைக் கொடுத்தன. அதனால எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம்னு சொல்ல முடியாது.

சி.டி.இ.-யை இறந்த பிறகுதான் உறுதி செய்ய முடியும். தனக்கு இருக்கான்னு நொவின்ஸ்கிக்கே தெரியாது. தன் மூளையையும் எழுதிக் கொடுத்துட்டார். அந்தப் பதில் ஒருநாள் வரும். கேட்க அவர் இருக்க மாட்டார்.