தாழப் பறந்து நிலத்தை அறிதல்

நிலத்தை அளந்தறியும் கலையில் நம் நாட்டிற்கு நீண்ட வரலாறு உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னையை அடுத்த பரங்கிமலையருகே வில்லியம் லாம்ப்டன் என்பார் சங்கிலி கொண்டு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பின்னாளில் இமயம் வரை விரிந்த பெரும் முக்கோண அளவைக்கு அதுவே தோற்றுவாய். தஞ்சைச் சமவெளியில் ஏறி நின்று பார்க்கக் குன்றுகள் இல்லை. ஆகவே 1808ஆம் ஆண்டில், அரை டன் எடையுள்ள தம் தியோடலைட்டுக் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மீதே ஏற்ற முயன்றார் லாம்ப்டன். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. எனினும் அவர் மனம் தளராது, அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார். கண்ணால் காணும் அளவைக்கு உயரம் அவ்வளவு இன்றியமையாதது.

இன்றோ வேறொரு காட்சியைக் காண்கிறோம். நாட்டுப்புறத்து வயல்களின் மேல் ஒரு ஹெலிகாப்டர் மிகத் தாழப் பறந்து வருகிறது. அதன் கீழே பெரியதொரு வளையம் கயிற்றில் தொங்குகிறது. நேர்கோட்டில் சென்ற ஊர்தி திரும்பி, சென்ற வழிக்குப் பக்கத்திலேயே மீண்டும் வருகிறது. உழவர் அண்ணாந்து பார்க்கின்றனர், மாடுகள் மிரள்கின்றன. “நம் நிலத்தை எடுத்துக்கொள்ளத்தான் அளக்கிறார்களோ?” என்ற ஐயமும் எழுகிறது. இவ்வூர்தி ஏன் இத்துணைத் தாழப் பறக்க வேண்டும்? உயரத்திலிருந்து படம் பிடித்தால் போதாதா?

போதாது, அன்பர்களே! படம் நிலத்தின் மேற்பரப்பைக் காட்டும்; நிலத்தின் உள்ளே இருப்பதைக் காட்டாது. உள்ளே இருப்பதை அறிய வேண்டுமென்ற ஆவல் மிகப் பழையது. புற்றுகளையும் மரங்களையும் அடையாளமாகக் கொண்டு நிலத்தடி நீரைக் காணும் முறைகளை வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் தொகுத்துரைத்தார். சுவீடன் நாட்டினர் 17ஆம் நூற்றாண்டிலேயே காந்த ஊசியின் அசைவைக் கொண்டு இரும்புக் கனியைத் தேடினர். இரண்டாம் உலகப் போரின்போது, கடலுக்குள் மறைந்த நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க விமானத்தில் காந்தமானி பொருத்தப்பட்டது. போருக்கென எழுந்த அக்கருவி நிலவியலுக்கும் பயன்பட்டது. 1944ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நிலவியல் துறையினர் பென்சில்வேனியாவின் மேல் அதனைக் கொண்டு பறந்து ஆராய்ந்தனர். 1950களில் கனிமம் தேடும் பணியில் ஹெலிகாப்டரும் சேர்ந்துகொண்டது.

அத்தொங்கும் வளையத்தின் வேலை யாது? மாறுகின்ற காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டார். வளையத்தில் வலிய மின்னோட்டத்தைச் செலுத்தித் திடீரென நிறுத்தினால், கீழேயுள்ள நிலத்தில் மெல்லிய சுழல் மின்னோட்டங்கள் எழும். அவை கீழ்நோக்கிப் பரவியவாறே தேய்ந்து மறையும். அத்தேய்வை ஒரு சிறு சுருள் பதிவு செய்யும். களிமண்ணும் உவர்நீரும் மின்னோட்டத்தை எளிதில் கடத்தும். உலர்ந்த மணலும் கெட்டிப் பாறையும் அவ்வாறு கடத்தா. இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டால், சில நூறு மீட்டர் ஆழம் வரை உள்ள அடுக்குகளின் அமைப்பு ஒருவாறு புலப்படும்.

தாழப் பறப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. நிலம் தரும் மறுமொழி மிக மெல்லியது. தொலைவு கூடக்கூட மிக விரைவாக நலியக்கூடியது. காந்தத் தன்மையுள்ள சிறியதொரு பொருளிலிருந்து நாம் விலகும் தொலைவு இருமடங்கானால், அதன் விளைவு பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடும். மெல்லப் பேசுவோரின் சொல்லைக் கேட்க நாம் அருகில் சென்று செவி சாய்ப்பதில்லையா? அதுபோலவே வளையமும் தரையிலிருந்து சுமார் 30 மீட்டர் முதல் 50 மீட்டர் உயரத்தில் செல்கிறது. மேடு பள்ளங்களுக்கேற்ப ஏறி இறங்கவும், மெதுவாகப் பறக்கவும், ஓடுபாதையின்றி வயலோரத்தில் இறங்கவும் ஹெலிகாப்டரால் இயலும். நகரங்களில் இவ்வேலை எளிதன்று. மின்கம்பிகளும் இரும்புக் குழாய்களும் இருப்புப்பாதைகளும் நிலத்தின் மெல்லிய குரலை மூழ்கடித்துவிடும். வீடுகளின் மேல் பாரத்தைத் தொங்கவிட்டுப் பறப்பதும் ஆபத்து. ஆகவேதான் திறந்த நாட்டுப்புறம் இதற்கு ஏற்றதாகிறது.

உலகிலேயே மிகுதியாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு நம் இந்தியா. எனவே இங்கு இம்முறை தண்ணீரை நாடியே வந்தது. மத்திய நிலத்தடி நீர் வாரியமும், ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையமும், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு, 2013ஆம் ஆண்டு வாக்கில் ஐந்து மாநிலங்களில் ஆறு இடங்களை ஆராய்ந்தன. தார்ப் பாலைவனம் ஒன்று. நம் கடலூர் மாவட்டத்து வெள்ளாற்றுப் பகுதி மற்றொன்று. 2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், வடமேற்கிந்தியாவின் வறண்ட பிரதேசங்களுக்கான விரிந்த ஆய்வு ஜோத்பூரில் தொடங்கப்பெற்றது.

இதன் பயனை உழவரே நன்கு அறிவர். தேங்காயைக் கையில் ஏந்தி நீரோட்டம் பார்த்தவர் சொன்ன இடத்தில், கடன் வாங்கி ஆழ்குழாய் இறக்கி, புழுதியை மட்டும் கண்ட குடும்பங்கள் நம் கிராமங்களில் எத்தனை! நீர் தாங்கும் அடுக்கு எங்கே, உவர் எங்கே என்று முன்னரே அறிந்தால் அத்துன்பம் குறையும். எனினும் வரைபடம் தண்ணீர் ஆகாது. களிமண்ணும் உவர்நீரும் கருவிக்குச் சில வேளைகளில் ஒன்றுபோலவே தோன்றும். துளையிட்டுச் சோதித்த பின்னரே முடிவு கூற இயலும். மேலும், மழைநீரை நிலத்துள் இறக்கத் தக்க இடத்தைக் காட்டும் அதே வரைபடம், எஞ்சிய நீரையும் உறிஞ்சி எடுக்க வழிகாட்டவும் கூடும். எவ்வழியில் அதனைப் பயன்படுத்துவது என்பதைக் கருவி முடிவு செய்யாது. நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆதலால் மாணவ நண்பர்களே, உங்கள் ஊரின் மேல் அத்தகைய ஊர்தி பறக்குமாயின், அஞ்சியிருப்பவர்க்கு அதன் காரணத்தை எடுத்துரையுங்கள். அத்துடன், “இந்த ஆய்வின் முடிவு எங்கள் ஊருக்கு எப்போது வரும்?” என்றும் கேளுங்கள். நிலத்தின் மறுமொழியைக் கேட்கத் தாழ்ந்து வந்த விஞ்ஞானம், அந்நிலத்தில் உழைப்பவரின் கேள்விக்கும் செவி சாய்க்க வேண்டுமன்றோ?