பிரிவுக்குப் பின்னும் நின்ற புலி

வில்லும் கயலும் புலியும் மூவேந்தர்க்கு உரியன என்பதைத் தமிழ் மாணாக்கர் தொடக்க வகுப்பிலேயே அறிவர். முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையை நோக்கினால், அங்கே புலி தனித்து அமர்ந்திருக்கவில்லை. உடன் இரு கயல்களும் ஒரு வில்லும் இருக்கின்றன. பாண்டியரும் சேரரும் சோழர்க்கு அடங்கினர் என்னும் செய்தியை எழுத்தறியாதவனும் அறியுமாறு அம்முத்திரை சொல்லிவிடுகிறது. ஆட்சி மாறும்போது இலச்சினை மாறுதல் இவ்வாறு பழைய வழக்கே ஆகும். ஆயின், இலச்சினை மாறாது நிற்க, அதன் பொருள் மட்டும் மாறுதலும் உண்டு. அதற்குச் சிங்கப்பூரின் அரசு இலச்சினை நம் கண்முன் உள்ள சான்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும் 1826 முதல் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒன்றாக இருந்தன. அவற்றின் கொடியில் இடம்பெற்ற சின்னம், செந்நிறச் சாய்சதுரமும் அதன்மேல் மூன்று கிளையாகப் பிரியும் வெண்பட்டையும் மூன்று மணிமுடிகளும் கொண்டது. ஊருக்கு ஒரு முடி என்பது கணக்கு. 1946இல் சிங்கப்பூர் தனிக் குடியேற்றம் ஆனபோது மூன்று முடிகள் ஒன்றாயின. அச்சின்னத்தில் முடி இருந்தது, மண் இல்லை. இந்நகரின் பெயருக்குரிய விலங்கைக் காண விரும்பியவர் வேறிடம் செல்ல வேண்டியிருந்தது. 1929இல் திறக்கப்பெற்ற எல்ஜின் பாலத்தின் விளக்குக் கம்பங்களில் இத்தாலியச் சிற்பி ருடோல்போ நோலி அமைத்த வெண்கலத் தகடுகள் உள்ளன. சிராங்கூன் சாலையிலிருந்து ஆற்றைக் கடந்து மாரியம்மன் கோயிலுக்குச் செல்வோர் அவற்றை இன்றும் காணலாம். அவற்றில் மரத்தின் முன்னே ஒரு சிங்கம் நிற்கிறது.

சிங்கம் இத்தீவில் வாழ்ந்த விலங்கன்று. சாங் நீல உத்தமன் ஒரு விலங்கைக் கண்டு, அதனைச் சிங்கம் எனக் கேட்டறிந்து, சிங்கபுரம் எனப் பெயரிட்டான் என்பது மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’ கூறும் கதை. மலாயில் ‘சிங்கா’வும் தமிழில் ‘சிங்கம்’ என்பதும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். இங்கே மெய்யாகவே வாழ்ந்தது புலிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காம்பியர், மிளகுத் தோட்டங்களில் உழைத்தோரைப் புலி அடித்துக் கொன்ற செய்திகள் பலவாகும். கதையில் வந்த விலங்கும் காட்டில் வாழ்ந்த விலங்கும் ஒரு கேடயத்தின் இருமருங்கும் வந்து நின்ற ஆண்டு 1959.

அவ்வாண்டு சூன் மாதம் சிங்கப்பூர் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்றது. துணைப் பிரதமர் தோ சின் சாய் தலைமையிலான குழு புதிய சின்னங்களை வகுத்தது. நவம்பரில் சட்டமன்றம் ஏற்றது. திசம்பர் 3ஆம் நாள், யூசோஃப் இஷாக் யாங் டி பெர்துவான் நெகாராவாகப் பதவியேற்றபோது, நகர மண்டபத்தில் அவை வெளியிடப்பெற்றன. செந்நிறக் கேடயத்தில் வெண்பிறையும் ஐந்து விண்மீன்களும். இடப்பக்கம் சிங்கம், வலப்பக்கம் புலி. கீழே நீலப் பட்டையில் ‘மஜுலா சிங்கப்பூரா’ என்னும் மலாய்த் தொடர். விண்மீன்கள் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் ஆகியவற்றைக் குறிக்கும். பிறை, வளர்ந்துவரும் இளைய நாட்டைக் குறிக்கும்.

ஈண்டு ஆசிரியர்கள் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ‘புலி மலேசியாவுடனுள்ள உறவைக் குறிக்கும்’ என்று நாம் மாணாக்கர்க்குச் சொல்லி வருகிறோம். ஆனால் 1959இல் மலேசியா என்றொரு நாடு இல்லை. அதற்கான திட்டத்தைத் துங்கு அப்துல் ரகுமான் பொதுமேடையில் கூறியதே 1961 மே மாதத்தில்தான். அன்றைய புலி மலாயாவை நோக்கிய புலி. அந்நாட்டோடு இணைந்தே விடுதலை பெறுவது என்பது ஆட்சிக்கு வந்தோரின் குறிக்கோளாக இருந்தது. ஆகவே அப்புலி உறவின் நினைவன்று, உறவின் எதிர்பார்ப்பு.

அவ்வெதிர்பார்ப்பு 1963 செப்டம்பர் 16இல் நிறைவேறியது. மலேசிய இலச்சினையின் கேடயத்தில் சபா, சரவாக் ஆகியவற்றுடன் சிங்கப்பூருக்கும் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் நிறையுமுன், 1965 ஆகத்து 9இல், பிரிவு நேர்ந்தது. மலேசியா அந்த அறையில் செம்பருத்தி மலரை வைத்தது. ஆயினும் அதன் கொடியிலுள்ள பதினான்கு பட்டைகளுள் ஒன்றும் குறைக்கப்படவில்லை. பதினான்காவதற்குக் கூட்டரசு என்னும் புதுப்பொருள் தரப்பட்டது. சிங்கப்பூரோ தன் இலச்சினையில் எதனையும் தொடவில்லை. கண்ணீரோடு அறிவிக்கப்பட்ட பிரிவு அது. புலியை நீக்கிவிட்டு வேறொன்றை வைக்க முனைந்திருந்தால் வியப்பில்லை. நீக்காமல் விட்டதே பெருந்தன்மை என்பது என் கருத்து. குடிநீர் முதல் குடும்ப உறவுகள் வரை அக்கரையோடு பிணைந்திருந்த ஊருக்கு அதுவே பொருத்தமும் ஆகும்.

கேடயத்தின் கீழுள்ள தொடருக்கும் இதே வரலாறு உண்டு. சுபிர் சைட் அப்பாடலை 1958இல் இயற்றியது நகராட்சி மன்றத்தின் வேண்டுகோளுக்காக. முதலில் ஒரு நகரம் முன்னேறுக என்று பொருள்பட்டது. மறு ஆண்டில் தன்னாட்சி அரசுக்கும், பின்னர் குடியரசுக்கும் அதுவே உரியதாயிற்று. ஓரெழுத்தும் மாறாமல் மூன்று நிலைகளைக் கண்ட தொடர் அது. பிறையும் அவ்வாறே. அது வரையப்பட்டபோது ‘இளைய நாடு’ இன்னும் பிறக்கவில்லை.

பொதுமக்கள் விருப்பம்போல் இலச்சினையைப் பயன்படுத்தலாகாது என்பது விதி. எனவே 1986இல் சிங்கத்தலைச் சின்னம் ஒன்று தனியே அறிமுகமாயிற்று. அதில் புலிக்கு இடமில்லை.

இலச்சினை அன்றாடம் நம் கைக்கு வருவது காசில்தான். 1967இல் வெளிவந்த முதல் காசுகளில் பெரும்பாலும் மீனும் பறவையும் இருந்தன. 1985இல் வந்த இரண்டாம் வரிசைக் காசுகளில் நடுவே இலச்சினையும், சுற்றிலும் நான்கு மொழிகளில் நாட்டின் பெயரும் அமைந்தன. தேக்காச் சந்தையில் பூ வாங்கி மீதியாகப் பெறும் பத்துக் காசில் ‘சிங்கப்பூர்’ என்னும் தமிழெழுத்துகளை இன்றும் படிக்கலாம். அத்துணைச் சிறிய வட்டத்தில் புலியின் வரிகள் எளிதில் புலப்படா. இரண்டும் சிங்கமே என்று எண்ணும் பிள்ளைகளுக்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தால் போதும்.