வேர் பற்றிய காசு: புதையலும் அது கிடந்த இடமும்

பெங்களூரின் யஷ்வந்த்பூரில் 1891இல் இருப்புப்பாதைப் பணிக்காக மண் வெட்டியபோது 163 உரோமானிய வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. 1965இல் எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் மேலும் 256 கிடைத்தன. நான் வசிக்கும் சிவாஜிநகர் இவ்விரு இடங்களுக்கும் ஏறத்தாழ நடுவில் உள்ளது.

தென்னிந்தியாவில் கிடைத்த உரோம வெள்ளியில் பெரும்பங்கு பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவை, கரூர் வட்டாரத்தைச் சார்ந்தது. பெங்களூரு அவ்வழியில் இல்லை. ஆகவே இவ்விரு குவியல்களும் அந்த வெள்ளி மேட்டுநிலத்திற்கும் ஏறியதைக் காட்டுகின்றன. இம்முடிவைத் தருவது காசில் பொறித்த முகம் அன்று; அகஸ்டஸின் முகம் கரூரிலும் அதேதான். கிடந்த இடம் தெரிந்ததால்தான் இவ்வளவும் சொல்ல முடிகிறது.

மெட்டல் டிடெக்டர் கொண்டு மரவேரிலிருந்து காசு எடுக்கும் வெளிநாட்டுக் காணொளிகளை மாணவர்கள் எனக்கு அனுப்புவதுண்டு. வேரை ரம்பத்தால் அறுத்து, காசைக் கழுவி, உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறார்கள். பார்க்கச் சுவைதான். ஆனால் அறுபட்ட வேரும் ஒரு சான்று. ஈரம் தேடும் மெல்லிய வேர் பானையின் விரிசலில் நுழைந்து, பருத்து, பானையை உடைக்கிறது. காசுகளைச் சுற்றி வளர்ந்து இறுக்குகிறது. அவ்வாறாயின் காசு வேருக்கு முந்தியது. மட்கிப்போன வேரின் துளை வழியே மேலிருந்து காசு இறங்கியிருக்கவும் கூடும். அப்போது அதன் ஆழத்தை வைத்துக் காலம் கணிப்பது தவறாகும். இவற்றுள் எது நிகழ்ந்தது என்பதை வேரும் மண்ணும் ஓட்டுச்சில்லும் சேர்ந்தே சொல்ல இயலும். கருவியோ உலோகத்திற்கு மட்டுமே ஒலிக்கும்.

கருவியைப் பழிப்பதற்கில்லை. இங்கிலாந்தின் ஹாக்ஸன் சிற்றூரில் 1992இல் எரிக் லாஸ் என்பவர் நண்பரின் தொலைந்த சுத்தியலைத் தேடப்போய் உரோமப் பொன்னையும் வெள்ளியையும் கண்டார். முழுவதையும் தோண்டாமல் நிறுத்தித் தகவல் தந்தார். அதனால் தொல்லியலார் பொருள்கள் அடுக்கப்பட்டிருந்த முறையையே மீட்டனர். அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது!

சொல்லும் இதையே குறிக்கிறது. ‘புதையல்’ என்பதில் புதைத்த செயல் வெளிப்படை. கன்னடர் அதனை ‘நிதி’ என்பர். அவ்வடசொல்லின் அடிப்பொருளும் கீழே வைத்தலே. தமிழில் நிதி அமைச்சகத்துக்குப் போய்ச்சேர்ந்தபின் அப்பொருள் நமக்கு மறந்துபோயிற்று.

1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மட்டுமன்றி மண்ணோடு இணைந்த எதில் மறைந்திருந்தாலும் அது புதையலே. வேரும் அதில் அடங்கும் என்றே நான் கொள்கிறேன். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பொருளின் தன்மை, அளவு, நாள் ஆகியவற்றோடு கிடைத்த இடத்தையும் சட்டம் கேட்கிறது. கர்நாடகத்துக்கு 1962இல் தனிச்சட்டம் வந்தது.

சிவாஜிநகரில் பழம்பொருள் விற்பவர்களிடம் காசைக் காட்டி, எங்கே கிடைத்தது என்று நான் கேட்பதுண்டு. “ஊர்ப்பக்கம்” என்பார்கள். எந்த ஊர் என்று கேட்டால் விலையைச் சொல்வார்கள்.