வீட்டைச் சுமந்த எஞ்சின்கள்: இலங்கைத் தமிழ்ப் பகுதிகளின் பழைய வாகனங்களில் பெற்றோலும் டீசலும்

ஆய்வின் கேள்வி

பழைய நடமாடும் வீடுகளைப் பேணுவோர் நடுவே ஒரு விவாதம் ஓய்வதில்லை: பெற்றோல் எஞ்சின் சிறந்ததா, டீசல் எஞ்சின் சிறந்ததா? 1973 முதல் 1978 வரை அமெரிக்காவில் உற்பத்தியான ஜிஎம்சி நடமாடும் வீடு, தொடக்கத்தில் ஏறத்தாழ 7.5 லீற்றர் கொள்ளளவுள்ள பெற்றோல் எஞ்சினில் ஓடியது. 1950இல் உற்பத்திக்கு வந்த ஃபொக்ஸ்வாகன் வானுக்கு டீசல் எஞ்சின் கிடைக்க 1981 ஆகிவிட்டது, அதுவும் 1.6 லீற்றர், 50 குதிரைவலு மட்டுமே. எரிபொருட் செலவு, மேடேறும் வலு, இரைச்சல், ஆயுள் ஆகிய நான்கையும் வைத்தே அங்கே தீர்ப்புச் சொல்லப்படுகிறது. நினைத்த வேளையில் நினைத்த எரிபொருள் கிடைக்கும் என்பது அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் உல்லாசத்துக்காகப் போகவில்லை; போரினால் இடம்பெயர்ந்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சியை நோக்கி வெளியேறினார்கள். 2006இன் இறுதியில் வாகரையிலிருந்து பல்லாயிரம் பேர் வாழைச்சேனைப் பக்கம் வந்தார்கள். 2009இல் வன்னி மக்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் பாய், பானை, கூரைத் தகரம் வரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பெயர்ந்தார்கள். பெட்டியின் கீழேயே படுத்து உறங்கினார்கள். இந்த வாகனங்களை ஓட்டிய எஞ்சின்களை ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஓர் எஞ்சின் நல்லதா என்பதை அதன் உள்ளமைப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த வீதிக்கு எந்த எரிபொருள் வந்து சேர்கிறது, அதை யார் திறந்துவிடுகிறார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதுவே இங்கு நிறுவ முயலும் கருத்து.

இரண்டு எஞ்சின்களின் இயல்பு

நிக்கொலாஸ் ஒட்டோ 1876இல் உருவாக்கிய நான்கு வீச்சு எஞ்சினின் வழிவந்தது பெற்றோல் எஞ்சின். காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவையை அது அமுக்கி, பிளக்கின் மின்பொறியால் எரிக்கிறது. ருடொல்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில் மின்பொறிக்கு வேலையில்லை. காற்றை மட்டும் உள்ளிழுத்துக் கடுமையாக அமுக்க, அது பழுக்கச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சியதும் தானே தீப்பிடிக்கிறது.

1950களின் பிரித்தானியப் பெற்றோல் கார்கள் கலவையை ஏறத்தாழ 7 மடங்கு அமுக்கின. அக்காலச் சிறு டீசல் எஞ்சின்களில் அமுக்கம் 16 மடங்குக்கு மேல். ஆகவே டீசல் எஞ்சினின் இரும்பு தடித்தது, எடை கூடியது, விலையும் கூடியது. அதற்கு ஈடாக, ஒரு லீற்றர் டீசலில் பெற்றோலைவிட 10 முதல் 12 சதவீதம் வரை அதிக சக்தி இருக்கிறது. அந்தச் சக்தியில் பெற்றோல் எஞ்சினைவிடக் கூடிய பங்கைச் சில்லுக்குக் கொண்டுபோகும் திறனும் டீசல் எஞ்சினுக்கு உண்டு. மெதுவாகச் சுழலும்போதே இழுவை வந்துவிடுவதால் பாரம் ஏற்றவும் சேறு உழவும் அது ஏற்றது.

பெற்றோல் காலம்

1958க்கு முன் இலங்கையின் பஸ் சேவைகள் தனியார் கம்பனிகளிடம் இருந்தன. செவர்லே, ஃபோர்ட், பெட்போர்ட் அடிச்சட்டங்களை இறக்குமதி செய்து, அவற்றின் மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரக்கூடு கட்டினார்கள். வடமராட்சிக்கும் கொடிகாமத்துக்கும் இடையே ஓடிய தட்டிவான் இந்த மரபின் நீண்ட வாழ்வுக்குச் சான்று. பக்கங்கள் திறந்திருக்க, ஆட்களோடு மரக்கறிக் கடகமும் மீன்பெட்டியும் ஆட்டுக்கடாவும் ஒன்றாக ஏறிய வாகனம் அது. இத்தகைய வாகனங்களுக்கு அன்று பெற்றோல் எஞ்சினே பொருத்தமாக இருந்தது. அது இலேசானது, கைப்பிடியால் சுற்றித் தொடக்கலாம், காபரேற்றரையும் பிளக்கையும் கழற்றித் துடைத்துப் பூட்டச் சிறு கராஜ் போதும்.

இதே காலத்தில் வந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 சமசெற், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகிய கார்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வைத்தியர், ஆசிரியர் வீட்டு முற்றங்களிலும் வாடகைக் கார் நிலையங்களிலும் இடம்பிடித்தன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இவை எதைக் குடித்து ஓடப் போகின்றன என்பதை வடிவமைத்தவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

டீசல் மேலெழுந்த காலம்

1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. சபையின் பிரதான வாகனங்கள் லேலண்ட் டீசல் பஸ்கள். லண்டனில் ஓடிக் கழிந்த இரட்டைத்தட்டு பஸ்களும் வாங்கப்பட்டன, அவையும் டீசல். பொதுப்போக்குவரத்து முழுவதும் ஒரே எரிபொருளுக்கு மாறத் தொடங்கியது.

வயல் நிலத்திலும் இதே திசையில்தான் மாற்றம் நடந்தது. ஃபேர்கசன் நிறுவனத்தின் புகழ்பெற்ற டிஈ20 உழவு இயந்திரம் 1946இல் பெற்றோலோடு தொடங்கி, 1949இல் மண்ணெண்ணெய் போன்ற மலிவான ஆவியெண்ணெயில் ஓடும் வகையையும், 1951இல் டீசல் வகையையும் கண்டது. பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் சூடானதும் மலிவான எண்ணெய்க்குத் திருப்புவது இரண்டாவது வகையின் முறை. இந்த இடைப்படி பின்னர் முக்கியமாகிறது. அடுத்து வந்த மாசி ஃபேர்கசன் 35, 135 ஆகியவை பேர்கின்ஸ் டீசல் எஞ்சினோடு இலங்கையின் வயல்களெங்கும் பரவின. மட்டக்களப்பின் படுவான்கரை நெற்காணிகளிலும் எருமையும் மாடும் செய்த வேலையை அவை படிப்படியாக ஏற்றன.

எரிபொருள் விநியோகமும் அரசின் கைக்கு வந்தது. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் நிறைவேறியது. 1964 தொடக்கத்தில் ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் கம்பனிகளின் விற்பனை முற்றாக முடிவுக்கு வந்தது. 1969இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. பஸ்ஸும் லொறியும் உழவும் டீசலில் ஓடியதால் அதன் விலை தாழ்த்தி வைக்கப்பட்டது. குப்பி விளக்குக்கும் மீன்பிடிக்கும் வேண்டிய மண்ணெண்ணெய் இன்னும் தாழ்வாக வைக்கப்பட்டது. சொந்தக் காருக்கான பெற்றோல் வரியைச் சுமந்தது. 2021 டிசெம்பரிலும் இந்த ஏணி அப்படியே நின்றது: பெற்றோல் லீற்றர் 177 ரூபா, டீசல் 121, மண்ணெண்ணெய் 87.

1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரத்தில் ஜப்பானிய வான்கள் வந்து குவிந்தன. ரொயொட்டா ஹைஏஸின் டீசல் வகைகள், பின்னாளில் டொல்பின் என்று ஊர் அழைத்த வான் உட்பட, தனியார் போக்குவரத்தின் முதுகெலும்பாயின. சந்தை விலையை மட்டும் பார்த்தால் வரலாறு இங்கே முடிந்திருக்க வேண்டும்: டீசல் வென்றது.

தடைக்காலம்: பெற்றோல் எஞ்சினின் இரண்டாம் வாழ்வு

1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் வெடித்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் தடைப்பொருள்களாயின. ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டபின், கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தே ஆட்களும் பொருள்களும் போய்வந்தன. பெற்றோல் பல மடங்கு விலைக்குப் போத்தல் கணக்கில் விற்றது. ஓரளவாவது கிடைத்தது மண்ணெண்ணெய்.

அப்போது மொறிஸ் மைனரும் ஏ40யும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைத் தொடக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். ஃபேர்கசன் பொறியியலாளர்கள் 1949இல் தொழிற்சாலையில் செய்ததை, யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் கராஜில் மீண்டும் செய்தார்கள்.

அது கைகூடியதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பெற்றோல் உறைநிலைக்கு வெகு கீழேயும் பற்றக்கூடிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 40 பாகை வெப்பமாவது வேண்டும். பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களில் கலவை உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி நின்றன. புகையின் சூடு கலவைக்கு ஏறியதால் மண்ணெண்ணெய் ஆவியாகியது. மண்ணெண்ணெய் கடும் அமுக்கத்தைத் தாங்காது. பொறியின் தீ எட்டுமுன்பே தானே வெடித்து எஞ்சினை அடிக்க வைக்கும். 7 மடங்கு அமுக்கம் மட்டுமே உள்ள பழைய எஞ்சினில் அந்த அடி பொறுக்கக்கூடிய அளவில் நின்றது. பிந்திய காலத்து உயர் அமுக்கக் கார்கள் இதே எண்ணெயில் விரைவில் அழிந்திருக்கும்.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். வலு குறையும், வெண்புகையும் நாற்றமும் வீதியை நிறைக்கும். அடிக்கடி எண்ணெய் மாற்றியும் பிளக்கைத் தேய்த்துத் துடைத்தும் இவற்றைச் சமாளித்தார்கள். அந்த வண்டிகளில் நோயாளர் வைத்தியசாலைக்குப் போனார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் போனார்கள், மணமக்களும் போனார்கள்.

டீசல் எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பகை இல்லை. இரசாயன அமைப்பில் மண்ணெண்ணெய் பெற்றோலைவிட டீசலுக்கே நெருக்கமானது. டீசல் எஞ்சினின் சூட்டில் அது தானே பற்றும். இடர் எரிபொருள் பம்பில் இருக்கிறது. மயிரிழை இடைவெளியில் உரசும் அதன் உறுப்புகளுக்கு டீசலின் வழுவழுப்பே மசகு. வெறும் மண்ணெண்ணெய் அந்த மசகைத் தராததால் பம்பு தேயும். தேய்ந்த பம்பைச் சீர்செய்யத் தனிக் கருவியும் உதிரிப்பாகமும் வேண்டும். தடைக்குள் அகப்பட்ட ஊரில் இரண்டும் அரிது. காபரேற்றரோ ஊசியும் துணியும் கொண்டு சுத்தம் செய்யக்கூடியது. தாளில் தோற்ற எஞ்சின் தடைக்குள் நின்றுபிடித்தது இதனால்தான்.

மாங்கேணி: வீதியும் களப்பும்

இனிக் கிழக்குக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியில் வாழைச்சேனை, காயான்கேணி தாண்டினால் மாங்கேணி. அதற்கு வடக்கே பனிச்சங்கேணி, பிறகு வாகரை, கதிரவெளி, வெருகல். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் காடும். 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்தின் பின்னான ஆண்டுகளில் மாங்கேணியில் இராணுவம் நின்றது. பனிச்சங்கேணிக்கு அப்பால் விடுதலைப் புலிகளின் ஆட்சி நடந்தது. வடக்கே போகும் எரிபொருள் இந்த எல்லையைத் தாண்டியே போக வேண்டும். 2006 ஓகஸ்ட்டில் மூதூர்ப் பக்கத்துச் சண்டையால் பெயர்ந்தவர்கள் வாகரைப் பிரதேசத்தில் தங்கியிருந்தபோது இந்த வாசல் இறுகியது. 2007 ஜனவரி 19ஆம் திகதி வாகரை இராணுவத்தின் வசமானது.

இந்த நிலத்தில் டீசல் எஞ்சினின் இன்னொரு குணம் முன்னுக்கு வருகிறது. மார்கழி மாரியில் களப்பு வீதியில் ஏறும். பெற்றோல் எஞ்சினின் மின்பொறி அமைப்பு நனைந்தால் வண்டி நடுநீரில் நின்றுவிடும். பழைய டீசல் உழவு இயந்திரத்துக்கு மின்பொறி இல்லை. காற்றிழுக்கும் வாய் நீருக்கு மேலே இருக்கும்வரை அது நீரைக் கடந்து போகும். பற்றரி செத்தாலும் சரிவில் உருட்டித் தொடக்கலாம். வீட்டுச் சாமானும் முதியவர்களும் ஏறிய பெட்டியை வெள்ளத்தில் இழுக்க அந்த மூன்று சிலிண்டர் பேர்கின்ஸுக்கு நிகராக எந்தக் காரும் இல்லை. யாழ்ப்பாணத்தின் வரண்ட தார்வீதியில் ஒரு விடை கிடைத்தது; கிழக்கின் சேற்றில் வேறொரு விடை.

மூன்றாவது எஞ்சினும் இங்கே உண்டு. களப்பிலும் கரையோரக் கடலிலும் ஓடும் கண்ணாடியிழைப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களில் பல, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. கார்களில் இடர்கால உபாயமாக இருந்த முறை, மீனவர் கையில் அன்றாட வழக்காகவே இருக்கிறது.

2022: மீண்டும் அதே கேள்வி

போர் முடிந்து, 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும் தொடர்ந்து ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டபின், ஏ15 வாகனப் படகுகளை நம்பியிருந்த நிலை மாறியது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் நாடு முழுவதற்கும் அரிதானது. ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. ஓகஸ்ட்டிலிருந்து கியூஆர் அட்டைமுறையில் பங்கீடு நடந்தது. ஓகஸ்ட் 21ஆம் திகதி நள்ளிரவில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. ஓர் இரவில் ஏறத்தாழ நான்கு மடங்கு. மாங்கேணிக் கரையின் மீனவருக்கு அது கடலுக்குப் போவதா இல்லையா என்ற கேள்வியாக வந்தது.

இம்முறை கார்களால் மண்ணெண்ணெய்க்குத் திரும்ப முடியவில்லை. கணினி அளந்து பெற்றோலைப் பீச்சும் உயர் அமுக்க எஞ்சின்களும் புகை வடிக்கும் வினையூக்கிகளும் வேறு எண்ணெயை ஏற்பதில்லை. செம்மையும் சிக்கனமும் கூடக் கூட, எரிபொருள் மாறினால் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் குறைந்திருந்தது.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறலாம். ஒன்று, டீசலின் வெற்றிக்கு எஞ்சினின் திறன் பாதிக் காரணம். 1958க்குப் பிந்திய அரசின் விலைக்கொள்கையும் பொதுப்போக்குவரத்தும் மறுபாதி. இரண்டு, தடைக்காலத்தில் பழைய பெற்றோல் எஞ்சினைக் காத்தவை அதன் தாழ்ந்த அமுக்கமும், சூடேறும் குழாயும், உள்ளூர்க் கைகளால் திருத்தக்கூடிய எளிமையும். மூன்று, வெள்ளமும் சேறும் உள்ள நிலத்தில் மின்பொறி இல்லாத டீசலுக்கு மாற்று இருக்கவில்லை.

ஆகவே பழைய வாகனங்களை ஒப்பிடும் அட்டவணையில் இன்னும் மூன்று நிரல்கள் சேர வேண்டும்: வேறு எரிபொருளை எவ்வளவு ஏற்கும், ஊருக்குள்ளேயே எவ்வளவு திருத்தலாம், நீரில் எவ்வளவு தூரம் போகும். அந்த நிரல்களை நிரப்பும் அறிவு நூலகங்களில் குறைவு. வடக்கிலும் கிழக்கிலும் அன்று கராஜ் நடத்திய மெக்கானிக்குகளிடம் நிறைய இருக்கிறது. அவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் அவர்களின் வாய்மொழியைப் பொறியியல் ஆவணமாகவே பதிவுசெய்ய வேண்டும். இலட்சக்கணக்கானோரின் உயிரையும் உடைமையையும் சுமந்த தொழில்நுட்பத்துக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன் அது. அடுத்த தட்டுப்பாட்டைச் சந்திக்கப் போகிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படப்போகும் அறிவும் அதுவே.