அசூசா தெருவுக்கு வந்த இரண்டு போதகர்கள்

சி.எஸ்.ஐ. கோவிலில் வளர்ந்த ஒருவர் முதல் தடவையாக ஒரு பெந்தெகொஸ்தே சபை ஆராதனைக்குப் போனால் கொஞ்சம் திகைத்துத்தான் போவார். பாமாலைப் புத்தகம் கிடையாது, அச்சடித்த ஆராதனை முறை கிடையாது. கை தட்டுகிறார்கள், அழுகிறார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்கிறார்கள். நடுவில் யாருக்கும் புரியாத 'அந்நிய பாஷை' வேறு!

இந்தத் திகைப்பு புதிதல்ல. நூறு வருடங்களுக்கு முன்பே இப்படி ஒரு ஆராதனையைப் பார்க்கப் பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அப்படி வந்த இரண்டு பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இருவரும் அமெரிக்கர்கள், வெள்ளையர்கள், போதகர்கள். 1906-ம் ஆண்டில் சில வார இடைவெளியில் ஒரே இடத்துக்கு வந்தார்கள். பார்த்ததும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார், இன்னொருவர் ஆளே மாறிப் போனார்.

அந்த இடம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 312, அசூசா தெரு. ஒரு காலத்தில் கறுப்பின மக்களின் மெதடிஸ்ட் கோவிலாக இருந்து, பிறகு குதிரை லாயமாகப் பயன்பட்ட கட்டிடம். 40 அடிக்கு 60 அடி. பீப்பாய்கள் மேல் பலகையைப் போட்டு பெஞ்சு ஆக்கியிருந்தார்கள். இரண்டு மரப்பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்ததுதான் பிரசங்க மேடை! காணிக்கைத் தட்டு சுற்றி வராது. விருப்பம் உள்ளவர்கள் போடலாம் என்று ஒரு பெட்டி மட்டும் இருந்தது. தினமும் மூன்று கூட்டங்கள், சுமார் மூன்று வருடங்கள் இப்படியே நடந்தது.

இதை நடத்தியவர் வில்லியம் சீமோர். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1870-ல் லூசியானாவில் பிறந்தவர். ஒரு கண் பார்வை கிடையாது. பிரசங்க மேடைப் பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஜெபிப்பாராம். 1906 ஏப்ரலில் உள்ளூர் நாளிதழ் ஒன்று இந்தக் கூட்டத்தைக் கேலி செய்து எழுதியது. ஆனால் அந்த விளம்பரமே கூட்டம் சேர்த்தது!

அந்தக் கால அமெரிக்காவை நினைத்துப் பாருங்கள். தென் மாநிலங்களில் ரயில் பெட்டி தனி, பள்ளிக்கூடம் தனி, கோவிலும் தனி. ஆனால் அசூசா தெருவில் கறுப்பர், வெள்ளையர், மெக்ஸிகோ நாட்டவர் எல்லோரும் ஒன்றாக முழங்கால் போட்டார்கள். ஒரு கறுப்பினப் பெண் ஒரு வெள்ளைக்காரரின் தலையில் கை வைத்து ஜெபிப்பது அங்கே சாதாரணம். வந்தவர்களை அதிர வைத்தது அந்நிய பாஷை மட்டும் அல்ல, இதுவும்தான்.

முதலில் வந்தவர் சார்லஸ் பார்ஹாம். இவர் உண்மையில் சீமோரின் ஆசிரியர். அந்நிய பாஷையே பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம் என்ற போதனையை 1901 முதல் பரப்பியவர் இவர்தான். டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டனில் இவர் நடத்திய வேதாகமப் பள்ளிக்கு 1906 தொடக்கத்தில் சீமோர் படிக்கப் போனார். இனப் பிரிவினை காரணமாக அவரை வகுப்புக்குள் உட்கார வைக்கவில்லை. வெளியே நடையில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகத்தான் பாடம் கேட்டார்.

அதே ஆண்டு அக்டோபரில் ஆசிரியர் மாணவனின் சபையைப் பார்க்க வந்தார். சீமோர் மரியாதையோடு வரவேற்றார். பார்ஹாமுக்கோ பார்த்தது பிடிக்கவில்லை. கட்டுப்பாடு இல்லாத கூச்சல், ஹிப்னாடிசம் மாதிரி இருக்கிறது என்று கண்டித்தார். கறுப்பரும் வெள்ளையரும் இப்படிக் கலந்து ஆராதிப்பதும் அவருக்கு அருவருப்பாக இருந்தது. சபை மூப்பர்கள் அவரை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அதே ஊரில் போட்டிக் கூட்டம் நடத்திப் பார்த்தார், எடுபடவில்லை. பிற்காலத்தில் கு க்ளக்ஸ் க்ளான் அமைப்பைப் பாராட்டும் அளவுக்குப் போனார்.

அடுத்து வந்தவர் காஸ்டன் கேஷ்வெல். வட கரோலினாவைச் சேர்ந்த 'ஹோலினஸ்' போதகர், வயது நாற்பதைத் தாண்டியவர். பத்திரிகையில் செய்தி படித்துவிட்டு, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நாள் கணக்கில் ரயிலில் வந்தார். தென் மாநிலத்தில் வளர்ந்தவர் அல்லவா, கறுப்பின இளைஞர் ஒருவர் தலையில் கை வைத்து ஜெபித்ததும் அவருக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. மனம் ஒப்பாமல் அறைக்குத் திரும்பினார்.

அவர் அப்படியே ஊருக்கு ரயில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. தன் மனதில் இருந்த வெறுப்போடு சில நாட்கள் போராடினார். பிறகு அதே கூட்டத்துக்குத் திரும்பிப் போய், சீமோரையும் மற்ற கறுப்பின சகோதரர்களையும் தன் தலையில் கை வைத்து ஜெபிக்கும்படி தானே கேட்டுக்கொண்டார். அந்நிய பாஷையும் பேசினார். சபையார் காணிக்கை சேர்த்து அவருக்குப் புது கோட்டு சூட்டும் திரும்பிப் போக ரயில் செலவும் கொடுத்து அனுப்பினார்கள்.

1906 டிசம்பர் 31 அன்று தன் ஊரான டன்னில் புகையிலைக் கிடங்கு ஒன்றில் கேஷ்வெல் எழுப்புதல் கூட்டம் தொடங்கினார். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி முழுவதும் பெந்தெகொஸ்தே அனுபவம் பரவ அதுவே ஆரம்பம். ஏற்கெனவே இருந்த பல ஹோலினஸ் சபைகள் அப்படியே பெந்தெகொஸ்தே சபைகளாக மாறின. அசூசா தெருவில் அபிஷேகம் பெற்ற கார் என்ற வெள்ளைக்காரத் தம்பதியர் அந்தச் செய்தியோடு கல்கத்தா வரை வந்தார்கள்.

இதோடு கதை சுபமாக முடிந்ததா என்றால், இல்லை. கேஷ்வெல் 1909-லேயே தன் சபை அமைப்பை விட்டு விலகினார். சில வருடங்களில் பெந்தெகொஸ்தே இயக்கமே கறுப்பு, வெள்ளை என்று பிரிந்து போனது. பிளவுகளால் மனம் நொந்த சீமோர், 1915-ல் தன் சபையின் தலைமைப் பொறுப்புகள் கறுப்பினத்தவருக்கே என்று விதி எழுதினார். 1922-ல் காலமானார். அசூசா தெருக் கட்டிடம் 1931-ல் இடிக்கப்பட்டது.

வெள்ளையர் சபைகள் மட்டுமே சேர்ந்து 1948-ல் தொடங்கிய கூட்டமைப்பு, 1994-ல் மெம்பிஸ் நகரில் தன்னைக் கலைத்துக்கொண்டது. கறுப்பினச் சபைகளையும் சேர்த்துப் புதிய அமைப்பு உருவானது. அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் போதகர் கறுப்பின ஆயர் ஒருவரின் கால்களைக் கழுவினார். சீமோர் இறந்து 72 வருடங்கள் ஆகியிருந்தன.

பார்ஹாம் நீதிபதியாக வந்தார். தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். கேஷ்வெலுக்கும் அந்தக் கூட்டம் பிடிக்கவில்லைதான். ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அடுத்தவர் ஆராதனையைப் பார்த்து முகம் சுளிக்கும்போது நாமும் அதைக் கேட்டுக்கொள்ளலாம். முகம் சுளிப்பது அந்தச் சத்தத்துக்காகவா, இல்லை அங்கே உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்காகவா?